200 கி.மீ. வாரத்துக்குள் என்ன இருக்கிறது? எலீட் ஓட்டக்காரர்களின் பயிற்சியைப் படித்து நம் வாரத்தை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். கென்ய மாரத்தான் சாம்பியன் எலியுட் கிப்சோகே வாரத்துக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறார் என்று தேடுவார்கள். 200, 220 என்று விடை வரும். கண் விரியும். அடுத்த திங்கட்கிழமையே புதுத் திட்டம் தயாராகிவிடும்.

எனக்கும் அந்தக் கட்டம் வந்தது. 200-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு முட்டாள் இல்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பாதியாக்கி 100 என்று வைத்தேன். வாரம் 45 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன் ஆறு வாரத்தில் 100-ஐத் தொட்டேன். ஏழாவது வாரம் ஒரு காலை, படிக்கட்டில் இறங்கும்போது வலது குதிகாலுக்கு மேலே தசைநாரில் சுருக்கென்றது. அப்புறம் நான்கு மாதம் ஓட்டமே இல்லை. என்ன தப்பு செய்தேன் என்பது அப்போது பிடிபடவில்லை. கி.மீ. அதிகம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

எலீட், அதாவது உலகத்தரமான, ஓட்டக்காரர்களின் பயிற்சி இன்று ரகசியமே இல்லை. இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. படிக்கத் தெரிவதுதான் சிரமம். எந்த எண்ணை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும், எதை நம் அளவுக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: கி.மீ.-ஐ மணிக்கணக்காக மாற்றுங்கள்

உலகத்தரமான மாரத்தான் ஓட்டக்காரர்கள் தயாரிப்புக் காலத்தின் நடுவில் வாரத்துக்கு 160 முதல் 220 கி.மீ. வரை ஓடுகிறார்கள். ட்ராக்கில் 5,000, 10,000 மீட்டர் ஓடுபவர்களுக்கு இது 130 முதல் 190 வரை. இரு தரப்பும் வாரத்துக்கு 11 முதல் 14 தடவை ஓடுகிறார்கள், அதாவது பெரும்பாலான நாட்களில் காலை ஒன்று, மாலை ஒன்று. மாரத்தான்காரர்களின் கூடுதல் கி.மீ. பெரும்பாலும் ஒவ்வோர் ஓட்டமும் நீளமாக இருப்பதால் வருவது.

இப்போது கணக்குப் போடுங்கள். 200 கி.மீ.-இல் வேக ஓட்டமும் மெது ஓட்டமும் சேர்ந்து சராசரி கி.மீ.-க்கு 4:10 (4 நிமிடம் 10 நொடி) என்று வைத்தால், வாரம் சுமார் 14 மணி நேரம். நீங்கள் கி.மீ.-க்கு 6:30 என்ற பேஸில் ஓடுபவர் என்றால் அதே 200 கி.மீ. ஓட 21 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவரை விட ஒன்றரை மடங்கு நேரம் உங்கள் கால் தரையில் அடிபடும். அந்தக் கால் அவருடையதைப் போலப் பத்து வருடம் பழகியதும் இல்லை.

நான் பெருமையாகப் பாதியாக்கிய 100 கி.மீ., என் வேகத்தில் கிட்டத்தட்ட 11 மணி நேரம். எலீட் ஒருவரின் 150, 160 கி.மீ. வாரத்துக்குச் சமம். உடம்புக்கு கி.மீ. தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும்தான் தெரியும். எனவே எந்தப் பயிற்சிக் குறிப்பைப் பார்த்தாலும் முதலில் நிமிடமாக மாற்றிவிடுங்கள். 40 கி.மீ. லாங் ரன்னை, அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்தை, கிப்சோகே இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். நமக்கு அது நான்கு மணி நேரத்துக்கு மேல். பெயர்தான் ஒன்று, பயிற்சி வேறு.

கென்யாவில் எல்டோரெட், காப்டகட் போன்ற இடங்கள் கடல் மட்டத்துக்கு மேலே 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம். அங்கே ட்ராக்கில் ஓடிய நேரத்தைச் சமவெளியில் ஓடிய நேரத்தோடு நேரடியாக ஒப்பிட முடியாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஊக்கமருந்து வழக்கில் மாட்டியவர்களின் பயிற்சிக் கணக்குகளும் இணையத்தில் சுற்றுகின்றன. மருந்து உடம்பை வேகமாகத் தேற்றும். அந்த ஏட்டில் உள்ள எண் அந்த மருந்தோடு சேர்ந்த எண்.

படி 2: உங்கள் இரண்டு எல்லைகளைக் கண்டுபிடியுங்கள்

அளவு புரிந்துவிட்டது. இனி தீவிரம். இதைப் பற்றிப் பேச ஏழு மண்டலம், ஐந்து மண்டலம் என்று கடிகாரங்கள் என்னென்னவோ காட்டும். மூன்று போதும். உடம்புக்குள் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. அவை பிரிக்கும் பகுதிகள் மூன்று.

முதல் எல்லைக்குக் கீழே ஓடும்போது இரத்தத்தில் லாக்டேட் (உழைக்கும் தசை வெளியிடும் ஒரு பொருள்) ஓய்வு நிலையை விட அதிகம் ஏறாது. பொதுவாக லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில் இந்த எல்லை இருக்கும். இரண்டாவது எல்லை, பொதுவாக 4 மில்லிமோலுக்குப் பக்கத்தில். அதைத் தாண்டினால் உற்பத்தியாகும் லாக்டேட்டை உடம்பால் அப்புறப்படுத்தி முடிக்க முடியாது, ஏறிக்கொண்டே போகும். இந்த 2, 4 எல்லாம் தோராயம்தான். ஆளுக்கு ஆள் மாறும்.

கருவி இல்லாமல் கண்டுபிடிக்க வழி பேச்சு. ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கதையை முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிந்தால் முதல் எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள். நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நடுப் பகுதி. 'ம்', 'சரி' என்பதோடு பேச்சு நின்றுபோனால் இரண்டாவது எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இதயத் துடிப்பில் சொன்னால் உச்சத் துடிப்பின் 80 சதவீதத்துக்குக் கீழே, 80-களிலிருந்து 90 ஒட்டி வரை, அதற்கு மேலே. இதிலே '220 கழித்தல் வயது' என்ற சூத்திரத்தை நம்ப வேண்டாம். பத்துத் துடிப்பும், சிலருக்கு அதற்கு மேலும், இப்படியும் அப்படியும் தவறும். ஒரு 5 கி.மீ. போட்டியின் கடைசி நிமிடத்தில் கடிகாரம் காட்டும் உச்சம் அதை விட நம்பகமானது.

முதல் எல்லை ஏன் இவ்வளவு முக்கியம்? நன்கு பயிற்சி பெற்ற வீரர்களை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு நடந்தது. முதல் எல்லைக்குக் கீழே 60 நிமிடம் ஓடினாலும் சரி, 120 நிமிடம் ஓடினாலும் சரி, தன்னியக்க நரம்பு மண்டலம் (இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாகவே இயக்குவது) ஓட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே பழைய நிலைக்கு வந்தது. எல்லையைத் தாண்டி ஓடியபோது அந்த மீட்சி தெளிவாகத் தாமதமானது. எல்லையை லேசாகத் தாண்டினால் லேசான தாமதம் என்று படிப்படியாகப் போகவில்லை. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது போல இருந்தது. எலீட்கள் தினம் இரண்டு தடவை ஓடி மறுநாளும் எழுந்து ஓடுவதன் சூட்சுமம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

படி 3: 80/20 என்பதை எதை வைத்து எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள்

எலீட்கள் 80 சதவீதம் மெதுவாகவும் 20 சதவீதம் வேகமாகவும் ஓடுகிறார்கள் என்ற வாக்கியத்தை எல்லோரும் கேட்டிருப்போம். இதைப் பிரபலமாக்கியவர் நார்வேயில் பணியாற்றும் விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீஃபன் சைலர். ஓட்டக்காரர்கள் மட்டுமில்லை, பனிச்சறுக்கு, துடுப்புப் படகு, சைக்கிள் வீரர்களின் பயிற்சியிலும் இதே போன்ற பங்கீட்டை அவர் பார்த்தார்.

எண் சரி. எதன் 80 சதவீதம் என்பதில்தான் குழப்பம். வாரத்தில் 12 ஓட்டம், அதில் கடினமானவை இரண்டு அல்லது மூன்று. ஓட்டங்களை எண்ணினால் கிட்டத்தட்ட 80/20 வந்துவிடும். ஆனால் கடினமான ஓட்டத்திலும் வார்ம்-அப், கூல்-டவுன், இடையோய்வு எல்லாம் உண்டு. கடிகாரத்தை வைத்துக் கடின நிமிடங்களை மட்டும் எண்ணினால் அதே வாரம் 90/10-க்கு அருகில் போய் நிற்கும். ஒரே வாரம், இரண்டு எண்.

வாரத்துக்கு நான்கு நாள் ஓடுபவருக்கு இந்தக் குழப்பம் நேரடியாகவே பாதிக்கும். ஓட்டங்களை எண்ணினால் ஒரு கடின நாள் வைத்தாலே 25 சதவீதம். அப்படியானால் இரண்டாவது கடின நாளே கூடாதா? நிமிடத்தை எண்ணினால் ஐந்து மணி நேர வாரத்தில் 20 சதவீதம் என்பது 60 நிமிடக் கடின உழைப்பு. இரண்டு நல்ல பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். என் கருத்தில், குறைவாக ஓடுபவர்கள் நிமிடத்தை எண்ணுவதே நியாயம். மொத்தமே குறைவாக இருக்கும்போது உடம்பு தேறவும் நேரம் இருக்கிறது, கடினப் பங்கு கொஞ்சம் கூடினால் குடி மூழ்கிவிடாது.

படி 4: மெது ஓட்டத்தை மெய்யாகவே மெதுவாக்குங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காப்டகட்டில் கிப்சோகேவின் பயிற்சி முகாம். விடியற்காலையில் குழுவாகக் கிளம்புகிறார்கள், செம்மண் சாலை. முதல் கி.மீ. கிட்டத்தட்டக் காலைத் தேய்த்துக்கொண்டு போவது போல இருக்கும். 5 நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். பொறுமையாக வேகம் கூடிக் கூடி, முடிக்கும்போது கி.மீ.-க்கு 4 நிமிடத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வருவார்கள். இவர் 2022-இல் பெர்லினில் 2:01:09-இல் மாரத்தான் முடித்தவர், கி.மீ.-க்கு சுமார் 2:52. போட்டி வேகத்துக்கும் காலை ஓட்டத்தின் தொடக்கத்துக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி! அந்த முதல் கி.மீ.-இல் நம்மில் பலர் அவருக்குப் பக்கத்திலேயே ஓடிவிடலாம். அப்படியொரு படம் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம், கீழே நேரத்தைக் குறிப்பிடாத வரை.

நாம் செய்வது நேர்மாறு. 5:40 பேஸில் போட்டி ஓடுபவர் தினசரி ஓட்டத்தையும் 5:55, 6:00-இல் ஓடுகிறார். கேட்டால் 'ஈஸி' என்பார். பேசச் சொன்னால் மூச்சு வாங்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எலீட்களின் விகிதத்தை அப்படியே நகல் எடுக்கவும் முடியாது. மாரத்தான் வேகத்தின் 70 சதவீதத்தில் அவர்கள் ஓடுகிறார்கள் என்று வைத்து, நான்கு மணி நேர மாரத்தான்காரருக்கு அதையே கணக்கிட்டால் கி.மீ.-க்கு 8 நிமிடம் தாண்டிவிடும். அது பாதி நடை. காரணம், எலீட் ஒருவரின் மாரத்தான் வேகம் அவருடைய இரண்டாவது எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. நான்கு மணி நேரக்காரரின் மாரத்தான் வேகம் முதல் எல்லையை ஒட்டியே இருக்கும், அவ்வளவு நேரம் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. 'போட்டி வேகத்தில் இத்தனை சதவீதம்' என்ற பேச்சு இதனால்தான் ஆளுக்கு ஆள் பொய்யாகிப் போகிறது. பேச்சையும் மூச்சையும் நம்புங்கள்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். முதல் 15 நிமிடம் வேண்டுமென்றே, எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். அதன் பின் கால் தானாகவே கேட்கும் வேகத்துக்கு விடுங்கள், மூச்சு மூக்கிலேயே சமாளிக்கும் வரை. கடிகாரத்தில் பேஸ் காட்டும் திரையை ஈஸி நாட்களில் மறைத்துவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். முதல் இரண்டு வாரம் கை அரித்தது.

படி 5: அளவைக் கூட்டும் வரிசை

எதற்காக இத்தனை மெது ஓட்டம்? தசையில் நுண்ணிரத்தக் குழாய்கள் பெருகும், மைட்டோகாண்ட்ரியா கூடும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் அதிகமாகும். இதெல்லாம் சில மாதங்களில் நடக்கத் தொடங்கிவிடும். ஒரே வேகத்தில் ஓடக் குறைந்த ஆக்சிஜன் போதும் என்ற நிலை வருடக்கணக்கில் வருவது.

அதற்கு பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பாலா ராட்க்ளிஃப்பை விட நல்ல உதாரணம் இல்லை. 1992-இல் உலக ஜூனியர் க்ராஸ்-கன்ட்ரி பட்டம் வென்றபோதே அவருடைய விஓ2 மேக்ஸ் (உச்ச உழைப்பில் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு) 70-ஐ ஒட்டி இருந்தது. 2003-இல் லண்டனில் 2:15:25 ஓடி உலகைத் திகைக்க வைத்தபோதும் ஏறக்குறைய அதே 70-தான். மாறியது ஓட்டச் சிக்கனம், அதாவது ஒரே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜன் போதும் என்ற அந்தத் திறன். அந்தப் பதினோரு வருடத்தில் சுமார் 15 சதவீதம் மேம்பட்டிருந்தது. சோதனைக்கூடத்தில் அவரைத் தொடர்ந்து அளந்துவந்ததால் இது நமக்குத் தெரிகிறது. இந்த இடைவெளியில் அவருடைய வார ஓட்டமும் பல மடங்கு பெருகியது. ஒரே தாவலில் இல்லை, வருடம் வருடமாக.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலேயே, தன் உடம்பையே சோதித்துக் கண்டார். வாரம் 100 மைல், அதாவது 160 கி.மீ., சீசனின் அடித்தளமாக. 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல் கூட வையாடருவா மலைப்பாதையில் 35 கி.மீ. ஓட வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டர் தங்கமும், மரே ஹால்பெர்க் 5,000 மீட்டர் தங்கமும் ஒரே நாளில் வென்றார்கள். பேரி மகீ மாரத்தானில் வெண்கலம். அதன் பிறகு யாரும் 100 மைலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 100 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள் நிறையப் பேர்.

நமக்கான வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நாட்களைக் கூட்டுங்கள். மூன்று நாள் ஓடுபவர் நான்கு, பிறகு ஐந்து நாள். புது நாளில் 30 நிமிடம் போதும். அடுத்து, குட்டையான ஓட்டங்களை 40, 50 நிமிடமாக நீட்டுங்கள். லாங் ரன்னைக் கடைசியில் தொடுங்கள், இரண்டரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஒருமுறை கூட்டினால் மூன்று வாரம் அதே அளவில் இருங்கள், நான்காவது வாரம் நான்கில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

வாரம் 10 சதவீதம் மட்டுமே கூட்ட வேண்டும் என்ற விதி? புதிதாக ஓட வருபவர்களிடம் 2008-இல் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், அந்த விதிப்படி நிதானமாகக் கூட்டிய குழுவும் வழக்கமான திட்டத்தைப் பின்பற்றிய குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் காயப்பட்டன. வாராவாரம் இடைவிடாமல் கூட்டுவதிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. எலும்பும் தசைநாரும் பின்னால் மெல்ல வருகின்றன. மூச்சு 'போ' என்று சொல்லும் வாரத்தில்தான் குதிகால் முறியப் பார்க்கும்.

மேல்வரம்பு எங்கே? டெரெக் கிளேட்டன் என்ற ஆஸ்திரேலியர் 1967-இல் ஃபுகுவோகாவில் மாரத்தானை 2:10-க்குள் முடித்த முதல் மனிதர். வாரம் 250 கி.மீ. அளவில், அதுவும் பெரும்பகுதியை வேகமாகவே ஓடினார். பல அறுவை சிகிச்சைகளும் கூடவே வந்தன. நம் காலத்தில் கெல்வின் கிப்டும். 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35. அவர் வாரம் 250 முதல் 280 கி.மீ., சில வாரம் 300-க்கு மேலும் ஓடுவதாகவும், இப்படியே போனால் உடம்பு உடைந்துவிடும் என்று தான் எச்சரித்ததாகவும் அவருடைய பயிற்சியாளர் கெர்வைஸ் ஹகிசிமானாவே சொன்னார். 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் இருவரும் இறந்துபோனார்கள். கிப்டுமுக்கு அப்போது 24 வயது. அந்த உடம்பு தாங்கியிருக்குமா என்ற கேள்விக்கு இனி விடை இல்லை.

படி 6: கடின நாளில் எவ்வளவு கடினம்?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எலீட்கள் கடின நாளில் துவண்டு விழும் வரை ஓடுவார்கள் என்று நினைக்கிறார்கள். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக்கின் கதைகள் இதற்கு ஒரு காரணம். 400 மீட்டரை அள்ளி அள்ளி ஓடியவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். போட்டியில் அவர் முகம் கோணும் கோணலைப் பார்த்தவர்களுக்குப் பயிற்சி என்றாலே வதை என்று மனதில் பதிந்துவிட்டது.

இன்றைய நார்வே முறை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 5,000 மீட்டரை 13:06-இல் ஓடிய மாரியுஸ் பாக்கன் 2000-களின் தொடக்கத்தில் தன்மேல் சோதித்து உருவாக்கியது. அதன் வாரிசாகப் பேசப்படும் யாக்கோப் இங்கெபிரிக்ட்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரும் 2024 பாரிஸில் 5,000 மீட்டரும் வென்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? காலையில் ஆறு நிமிட ஓட்டம் ஐந்து தடவை, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஓய்வில் விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு சின்னக் குத்து, ஒரு துளி இரத்தம், கையடக்கக் கருவி சில நொடிகளில் லாக்டேட் எண்ணைச் சொல்லிவிடும். 2-க்கும் 3.5-க்கும் இடையே இருந்தால் அதே வேகம். தாண்டியிருந்தால், கால் எவ்வளவு லேசாக இருந்தாலும் அடுத்த சுற்றில் மெதுவாக ஓட வேண்டும். மாலையில் மறுபடியும், இந்த முறை 1,000 மீட்டர் பத்து தடவை, அல்லது 400 மீட்டர் இருபதுக்கு மேல், அரை நிமிட ஓய்வோடு. வியாழக்கிழமை இதே கதை.

கூட்டிப் பாருங்கள். காலை 30 நிமிடம், மாலை சுமார் 30 நிமிடம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் த்ரெஷோல்ட் உழைப்பு, அதாவது இரண்டாவது எல்லைக்குச் சற்றுக் கீழே ஓடும் உழைப்பு. இதையே ஒரே மூச்சில் ஓடினால் அது போட்டி, தேற ஒரு வாரம் ஆகும். துண்டு துண்டாக, கடிவாளம் போட்டு ஓடுவதால் இரண்டு நாளில் மறுபடியும் செய்ய முடிகிறது. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து வைத்து, வாரக் கடைசியில் மற்றவர்களை விட அதிகமான தரமான நிமிடங்களைச் சேர்த்துவிடுகிறார்கள்.

நாம் எதை எடுக்கலாம்? ஒரே நாளில் இரண்டு தடவை என்பதை விட்டுவிடுங்கள். வாரம் ஒன்பது பத்து மணி நேரம் ஓடி, வருடக்கணக்கில் காயமில்லாமல் இருப்பவர்களுக்குத்தான் அது. எடுக்க வேண்டியது கடிவாளம். 6 நிமிடம் × 5, ஒரு நிமிட ஓய்வு. வேகம், 'இதையே ஒரு மணி நேரம் போட்டியாக ஓட முடியும்' என்று தோன்றுவதை விடக் கொஞ்சம் குறைவு. ஐந்தாவது முடிந்ததும் 'இன்னும் இரண்டு ஓடலாமே' என்று தோன்ற வேண்டும். தோன்றினால் சரியாக ஓடினீர்கள். தோன்றியதற்காக அந்த இரண்டையும் ஓடிவிடாதீர்கள்.

மாரத்தானுக்குத் தயாராகும்போது கென்ய முறை வேறு சேர்மானத்தைக் கொண்டுவருகிறது. கிப்சோகேவின் பயிற்சியாளர் பேட்ரிக் சாங், 1992 ஒலிம்பிக்கில் ஸ்டீப்பிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி) வெள்ளி வென்றவர். அவர் வாரத்தில் செவ்வாய் ட்ராக், வியாழன் 30 அல்லது 40 கி.மீ. லாங் ரன், சனி ஃபார்ட்லெக் (வேகத்தை மாற்றி மாற்றி ஓடுவது). மற்ற நாட்கள் ஈஸி. பல வருடமாக இந்த வரிசையே அதிகம் மாறியதில்லை. பார்க்கச் சலிப்பாக இருக்கும். இத்தாலியப் பயிற்சியாளர் ரெனாடோ கனோவா இன்னொரு கோடிக்குப் போவார். காலையும் மாலையும் மாரத்தான் வேகத்தை ஒட்டி நீளமாக ஓடும் ஒரே நாள், முன்னும் பின்னும் சில நாட்கள் மிக மெதுவாக. ஒரு தயாரிப்பில் ஒரு சில தடவைதான். யாராவது அந்த ஒரு நாளை மட்டும் பிய்த்தெடுத்துத் தங்கள் சனிக்கிழமையில் ஒட்ட வைப்பதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

படி 7: வாரத்தைக் கட்டுவது

வாரம் ஆறேழு மணி நேரம் ஒதுக்க முடிந்த, குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து ஓடியவருக்கு ஒரு மாதிரி வாரம்:

திங்கள்: ஓய்வு.
செவ்வாய்: 65 நிமிடம். நடுவில் த்ரெஷோல்ட் 6 நிமிடம் × 5.
புதன்: 55 நிமிடம் ஈஸி.
வியாழன்: 60 நிமிடம் ஈஸி, கடைசியில் 20 நொடி ஸ்ட்ரைட்ஸ் (தளர்வாக ஓடும் குட்டி வேக ஓட்டம்) ஆறு.
வெள்ளி: 40 நிமிடம், மிக மெதுவாக.
சனி: 60 நிமிடம். நடுவில் மேட்டில் 90 நொடி × 8, இறங்கும்போது நடை.
ஞாயிறு: 2 மணி நேரம் லாங் ரன், பேச்சு வேகத்தில்.

மொத்தம் 400 நிமிடம். கடினமானவை 42 நிமிடம், பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். ஓட்டங்களை எண்ணினால் ஆறில் இரண்டு, 33 சதவீதம். படி 3-இல் சொன்ன இரண்டு கணக்கு இதுதான்.

செவ்வாயும் சனியும்தான் தூண்கள். அவற்றில் ஒன்று தவறினால் மறுநாளுக்குத் தள்ளி ஓடாதீர்கள், விட்டுவிடுங்கள். மாரத்தானுக்குப் பத்து வாரம் இருக்கும்போது சனிக்கிழமை மேட்டோட்டத்தை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லாங் ரன்னின் நடுவில் 40 முதல் 60 நிமிடம் மாரத்தான் வேகத்தைச் செருகுங்கள். அந்த வாரம் மற்ற கடின நாள் ஒன்று போதும்.

படி 8: போட்டிக்கு முன் குறைப்பது

எலீட்கள் பெரும்பாலும் கடைசி 7 முதல் 10 நாளில் டேப்பர் செய்கிறார்கள், அதாவது பயிற்சியைக் குறைக்கிறார்கள். ஆய்வுகளின் தொகுப்பு, இரண்டு வாரத்தில் அளவை 40 முதல் 60 சதவீதம் குறைத்து, தீவிரத்தைக் குறைக்காமல் வைப்பது நல்ல பலன் தருவதாகச் சொல்கிறது. அதாவது செவ்வாய் த்ரெஷோல்ட் இருக்கும், ஐந்துக்குப் பதில் மூன்று தடவை. வேகத்தை விட்டுவிட்டு மெதுவாக மட்டும் ஓடினால் போட்டியன்று கால் மரக்கட்டையாக இருக்கும். டேப்பர் வாரத்தில் திடீரென்று முழங்கால் வலிப்பது போலவும் தொண்டை கரகரப்பது போலவும் தோன்றும். பெரும்பாலும் ஒன்றுமில்லை, வேலையில்லாத மனசு.

படி 9: இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

பயிற்சிக் குறிப்பில் எழுதப்படாத பகுதி இது. காப்டகட் முகாமில் காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே சாப்பாடு, தூக்கம், கொஞ்சம் பேச்சு. நமக்கு அங்கே எட்டு மணி நேர வேலை, போக்குவரத்து, வீடு. 14 மணி நேர ஓட்டத்தைத் தாங்குவது அந்த ஓய்வுதான். ஓய்வை நகல் எடுக்க முடியாதவர் ஓட்டத்தை மட்டும் நகல் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று என் குதிகாலைக் கேளுங்கள்.

சாப்பாடு இன்னொன்று. அளவைக் கூட்டும்போது சாப்பாட்டைக் கூட்டாதவர்கள் உடைவார்கள். செலவுக்கு ஏற்ற வரவு இல்லாதபோது ஹார்மோன், எலும்பு, நோயெதிர்ப்பு எல்லாம் பாதிக்கப்படுவதை ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ஒரு தனிப் பெயர் கொடுத்தே எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது 'நன்றாகப் பயிற்சி செய்கிறேன்' என்பதன் அடையாளம் கிடையாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி. ஆண்களிடம் இது சத்தமில்லாமல் வரும்: சோர்வு, ஆர்வமின்மை, ஆறாத சின்னக் காயங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் வலி, அழுத்தினால் கூடுகிறது, நடந்தாலே தெரிகிறது என்றால் அன்றே நிறுத்துங்கள்.

காலையில் எழுந்ததும் இதயத் துடிப்பு வழக்கத்தை விட ஏழெட்டு கூடியிருந்து, கூடவே எரிச்சலும் தூக்கக் குறைவும் இருந்தால் அன்றைய கடின நாளை ஈஸியாக மாற்றுங்கள். இரண்டு நாள் தொடர்ந்தால் ஓய்வு.

படி 10: ஒரு நோட்டுப் புத்தகம்

கிப்சோகே 2003-லிருந்து தன் பயிற்சிகளைக் கையால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். கடிகாரமும் செயலியும் எல்லாவற்றையும் பதிவு செய்யும் காலத்தில் இது எதற்கு என்று எனக்கும் தோன்றியது. எழுதிப் பார்த்தபோது புரிந்தது, கடிகாரத்துக்குத் தெரியாத மூன்று விஷயம் இருக்கின்றன: பேச முடிந்ததா, முடித்தபோது எவ்வளவு மிச்சம் இருந்தது, மறுநாள் காலை படிக்கட்டில் கால் எப்படி இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கூடவே மூன்று பகுதிகளிலும் எத்தனை நிமிடம் என்று எண்ணை மட்டும் போடுங்கள். பன்னிரண்டு வாரம் சேர்ந்த பிறகு, உடம்பு முரண்டுபிடித்த ஒவ்வொரு நாளிலிருந்தும் இரண்டு வாரம் பின்னோக்கிப் புரட்டுங்கள்.

குதிகால் போன அந்த நான்கு மாதத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அப்போது செயலியில் ஓட்டத்துக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இருந்தது, அதைத்தான் நோட்டில் எடுத்து எழுதினேன். கி.மீ. அதிகமானதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் இல்லையா? கடைசி முழு வாரத்தில் ஆறு ஓட்டம். அதில் ஐந்துக்கு நான் வைத்திருந்த பெயர்: 'ஈஸி, கொஞ்சம் வேகம்.'